கையைத் தூக்கியவள் பந்தை எடுக்கக் கூடாது

அன்றைக்கு மைதானத்தில் எங்கள் பக்கம் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: ஆட வந்த பெண்பிள்ளைகள் ஒன்பது பேர், அதில் ஒருத்தி என் மகள். அவர்களைக் கூட்டிவந்த பி.டி. மிஸ், அதாவது விளையாட்டு டீச்சர். வேன் ஓட்டி வந்தவர். கடலோரத்துப் பனித்திட்டு ஊரிலிருந்து, தன் மகள் ஆடுவதைப் பார்க்க, காலை மீனை விற்று முடித்துக் காலிக் கூடையோடு வேனில் ஏறிக்கொண்ட ஒரு அம்மா. அப்புறம் நான். என் வீட்டுக்காரர் வரவில்லை, அவருக்குக் கரும்பு வெட்டு. எதிர்ப்பக்கம் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் பயம் கூடும்.

வில்லியனூர்ப் பக்கத்து மைதானம். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டி. காலையில் வேன் ஏறும்போதே என் மகள் சொல்லிவிட்டாள்: "எம்மா, இன்னிக்கும் அஞ்சு ஃபவுல் வாங்கி வெளிய வந்தன்னா, இனிமே நான் பந்தையே தொடமாட்டேன். கேக்காத." நானும் கேட்கவில்லை. ஆனால் வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒருத்திக்கு ஐந்து ஃபவுல் ஆனால் அந்த ஆட்டத்தில் அவள் திரும்ப இறங்க முடியாது. போன போட்டியில் அவளுக்கு அதுதான் ஆயிற்று.

அது எப்படி ஆயிற்று என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குருவிநத்தம் போகிற சாலையில், எங்கள் ஊர் எல்லையில், நெல் காயவைக்க ஒரு சிமெண்டுக் களம் இருக்கிறது. கட்டியது நெல்லுக்குத்தான். பிறகு எந்த வருஷமோ இரண்டு முனையிலும் கம்பம் நட்டு வளையம் மாட்டிக் கோடும் போட்டுவிட்டார்கள். பாகூரில் படிக்கிற பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கோர்ட்டு இல்லை, சாயந்திரமானால் இங்கே வந்துவிடுவார்கள். அறுவடை இல்லாத மாதங்களில் முழுக் களமும் அவர்களுக்கு. தை, மாசியில் பாதிக் களத்தில் எங்கள் நெல் கிடக்கும், மீதிப் பாதியில் அவர்கள் ஆடுவார்கள். நான் ஆடு மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்தே இந்த ஆட்டம் எனக்கு விளங்கியது. யாரும் சொல்லித் தரவில்லை.

பாதிக் களத்தில் பத்துப் பெண்பிள்ளைகள் ஆடினால் எப்படி இருக்கும்? திருவிழா பஸ் மாதிரிதான். தோள் இடிக்கும், முழங்கை படும், ஒருத்தி கால் மேல் ஒருத்தி நிற்பாள். அது அவர்களுக்குத் தப்பாகவே தெரியாது. தப்பு என்றால் ஒன்றுதான், பந்து நெல்லில் விழுவது.

அதற்கு ஒரு முறை இருந்தது. பெண்பிள்ளைகளும் நெல்லுக்குச் சொந்தக்காரர்களும் சண்டை போட்டுப் போட்டு உண்டானது. பந்தைக் கடைசியாகத் தொட்டவள் கையைத் தூக்க வேண்டும். ஓரத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நெல்லுக்குள் போக வேண்டும். பந்தை எடுத்துவந்து எதிர் அணிக்காரி கையில் கொடுக்க வேண்டும். எறியக் கூடாது, உருட்டக் கூடாது. பிறகு திரும்பப் போய், கலைந்த நெல்லைக் காலால் துழாவிச் சமமாக்கிவிட்டு வர வேண்டும். அதுவரை எல்லோரும் நிற்பார்கள். தண்ணீர் குடிப்பார்கள், சடையை இறுக்கிக் கட்டுவார்கள். துழாவுகிறவள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போவாள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வருவாள். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச நாளில் இந்த முறை மற்றதற்கும் வந்துவிட்டது. நெல்லே இல்லாத மாதத்திலும், ஒருத்தி இன்னொருத்தியைக் கீழே தள்ளிவிட்டால், தள்ளியவள் கையைத் தூக்குவாள், ஓடிப்போய்ப் பந்தை எடுப்பாள், விழுந்தவள் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை. பந்து கைமாறினால் முடிந்தது. மிஸ் இந்த வருஷம்தான் வந்தவர். அவரும் பார்த்துவிட்டு, நல்ல பழக்கமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

பொங்கல் முடிந்து முதல் போட்டிக்குப் போனார்கள். அதற்கும் நான் போயிருந்தேன். ஆட்டம் ஆரம்பித்த சூட்டோடு என் மகள் ஒரு பெண்ணை இடித்துவிட்டாள். நடுவர் விசில் அடித்தார். இவள் உடனே கையைத் தூக்கினாள், ஓடிப்போய்ப் பந்தை எடுத்தாள். நடுவர் பந்துக்குக் கையை நீட்டுகிறார், இவளோ அவரைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணைத் தேடுகிறாள். அந்தப் பெண் அதற்குள் மறு ஓரத்துக்குப் போய்விட்டது. நடுவர் இவளைக் கூப்பிட்டு ஏதோ எச்சரித்தார். இவள் தலையை ஆட்டினாள். ஒன்றும் புரியவில்லை என்று அந்தத் தலையாட்டலிலேயே எனக்குத் தெரிந்தது.

மறுபடி ஒரு இடி, மறுபடி விசில். மறுபடியும் இவள் ஓடிப் பந்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். நடுவர் ஒரு கையை நிறுத்தி அதன்மேல் இன்னொரு கையைப் படுக்கவைத்துக் காட்டினார். டெக்னிக்கல் ஃபவுல். விசில் அடித்த பிறகு பந்தைப் பிடித்துவைத்து ஆட்டத்தைத் தாமதப்படுத்துகிறாளாம். இடித்ததற்கு ஒன்று, பந்தைக் கொடுக்கப் போனதற்கு ஒன்று. அதற்குப் பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்சத்திலேயே ஐந்தும் ஆகி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நடுவர் மேல் தப்பில்லை. எங்கள் களத்து முறை அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்கு, ஃபவுல் பண்ணிய பெண் பந்தைத் தராமல் போக்குக் காட்டுகிறாள். மிஸ் பிறகு போய் விளக்கினார். அவரும் வருத்தப்பட்டாராம். வருத்தப்பட்டு என்ன, எழுதியது எழுதியதுதான்.

அன்று பஸ்ஸில் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "நான் குடுக்கத்தானே போனேன்."

முறையாக நடந்துகொண்டதற்குத் தண்டனை வந்தால் ஒரு பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அப்புறம் அவள் ஆட்டமே மாறிவிட்டது. களத்துக்குப் போவாள், ஆனால் யார் பக்கத்திலும் போகமாட்டாள். பந்து வந்தால் சுட்டுவிட்ட மாதிரி உடனே வேறொருத்திக்குத் தள்ளிவிடுவாள். பாகூர் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினால்கூட அவள் தோள் ஒரு முறை குலுங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு விசிலுக்கு இந்தப் பாடா, கரும்பு லாரிக்காரன் தினம் என்னைப் பார்த்து ஆரன் அடிக்கிறானே, நான் என்ன வேலையை விட்டுவிட்டா வந்துவிட்டேன் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அவருக்குத் தூக்கம் வரும், எனக்கு வராது.

எனக்கு என்ன பயம் என்றால், நான் எட்டாவதோடு நின்றவள். என்னை யாரும் நிறுத்தவில்லை. வீட்டில் போ போ என்றுதான் சொன்னார்கள். ஒருநாள் போகவில்லை. மறுநாள் போக வெட்கமாக இருந்தது. அதற்கடுத்த நாள் அந்த வெட்கம் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அவ்வளவுதான். பெரிய காரணம் என்று ஒன்றும் கிடையாது. இவளும் ஒரு சாயந்திரம் களத்துக்குப் போகாமல் இருந்து, மறுநாள் போக வெட்கப்பட்டு, அப்படியே விட்டுவிடுவாளோ என்று எனக்கு. விட்டால் விடட்டும், கால் கை உடையாமல் வீட்டோடு இருக்கட்டும் என்றும் ஒரு மனசு சொல்லும். அந்த மனசையும் நான் நம்பவில்லை.

மிஸ் மட்டும் விடவில்லை. தினம் அவளை நடுவில் நிறுத்தித் திடீரென்று விசில் அடிப்பார். "கைய தூக்கு, பந்த வுடு, திரும்பி ஓடு." இதுதான் பாடம். கை சரியாகத் தூக்கும். ஆனால் கால் மட்டும் பந்தைப் பார்த்து ஓரடி போய்விடும். பழகின கால். மற்றப் பெண்பிள்ளைகளுக்கும் அதே கதைதான், ஆனால் அவர்கள் சிரித்துவிட்டார்கள். இவளால் சிரிக்க முடியவில்லை.

இப்போது, முதலில் சொன்ன அந்த மாசி மாதத்து ஆட்டத்துக்கு வருகிறேன்.

எதிரணி டவுன் பிள்ளைகள். நல்ல உயரம், நல்ல பயிற்சி. இந்தத் தடவை நடுவர் ஒரு பெண், காலேஜ் முடித்த வயசுதான் இருக்கும். முழுக் கோர்ட்டைப் பார்த்ததும் எங்கள் பெண்பிள்ளைகள், அத்தனை இடம் இருக்கிறதே, பரவி நிற்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. பந்து எங்கே போனாலும் எல்லோரும் அங்கே போய் ஒட்டிக்கொண்டார்கள். பாதிக் களத்து ஆட்டம். மறு பாதியில் நெல் கிடக்கிற மாதிரியே ஒரு நினைப்பு. ஒட்டினால் இடிக்கத்தானே செய்யும்? விசில் விழுந்துகொண்டே இருந்தது.

என் மகளுக்கு முதல் ஃபவுல் சீக்கிரமே வந்தது. கையைத் தூக்கினாள். பந்தைத் தொடவில்லை. ஆனால் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். ஆட்டம் மறுபடி தொடங்கியதும், அவள் மறிக்க வேண்டிய பெண் அவளைத் தாண்டிப் போய்ப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டும் வந்துவிட்டது.

இரண்டாவது விசிலுக்குக் கால் பந்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. பனித்திட்டுப் பெண் பின்னாலிருந்து அவள் பனியனைப் பிடித்து இழுத்து நிறுத்தியது. அந்தப் பெண் ஒரு தினுசு. தனக்கு ஃபவுல் கொடுத்தாலும் சிரிக்கும், அடுத்தவளுக்குக் கொடுத்தாலும் சிரிக்கும். அவள் அம்மா என் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தங்கச்சி, நீ அயுதுடுவ போலக் கீதே," என்றார் என்னைப் பார்த்து.

அழவில்லை, வெயில் என்றேன்.

"வெயிலா? நெழல்லதான ஒக்காந்துகினு கீறோம்."

அவருக்கு ஃபவுல் கிவுல் எல்லாம் தெரியாது. மகள் கீழே விழுந்தால் எழுந்தாளா என்று பார்ப்பார், எழுந்ததும் வெற்றிலையைத் தொடர்வார். அப்படி இருக்க முடிகிறதே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்றாவதுதான் வம்பானது. பந்துக்கு இரண்டு பேரும் எம்பினார்கள், அந்தப் பெண் விழுந்தது, விசில் என் மகள் பக்கம் திரும்பியது. அவள் தொடவே இல்லை என்றுதான் எனக்கும் பட்டது. எனக்கு அப்படித்தானே படும். அவள் கையைத் தூக்கினாள், ஆனால் தோள் அளவுக்குத்தான் வந்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்தாள். அதுதான் அவளுடைய அடையாளம், அடுத்தது கண்ணீர். மிஸ் உடனே ஆள் மாற்றி அவளை வெளியே கூப்பிட்டுக்கொண்டார்.

வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கவில்லை. துண்டு கொடுத்தார்கள். போன தடவை மாதிரி முகத்தை மூடப்போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், துண்டை மடியில் போட்டுக்கொண்டு ஷூ கயிற்றை அவிழ்க்கிறாள். ஒரு ஷூ, இன்னொரு ஷூ, அப்புறம் சாக்ஸ். முடித்துவிட்டாள், வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்றே நினைத்துவிட்டேன். எழுந்து பெஞ்சு ஓரம் போய்விட்டேன்.

அவள் கிளம்பவில்லை. வெறுங்காலைத் தரையில் வைத்து, முன்னும் பின்னும், முன்னும் பின்னும், மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை குனிந்தபடி.

மிஸ்ஸும் பார்த்துவிட்டார். "ஷூவ ஏன் கழட்டுன? இன்னா பண்ற?"

"நெல்லு துழாவுறேன் மிஸ்," என்றாள்.

பெஞ்சில் இருந்த பெண்பிள்ளைகளுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பின்னாலேயே வந்து நின்ற மீன்கார அம்மா வெற்றிலை வாயோடு கேட்டார், "இன்னாடி, காஞ்சிதா?"

"இன்னும் ஒரு வெயில் வேணும் பெரிம்மா."

சொல்லும்போது அவள் நிமிரவில்லை. ஆனால் உதடு வெளியே வந்திருந்தது.

எங்கள் களத்து ஆட்டத்தில் விசில் கிடையாது, தப்புக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் நெல் கிடக்கும், அதில் கால் வைத்து நடக்க நேரம் இருக்கும். இங்கே அந்த நேரத்தை யாரும் தரமாட்டார்கள். விசில், கை, அடுத்த பந்து, அவ்வளவுதான். அவள் தன் பெஞ்சடியிலேயே கொஞ்சம் நெல்லைப் பரப்பிக்கொண்டாள். எனக்கெல்லாம் அது தோன்றியிருக்காது.

கடைசிக் கால் பகுதி ஆரம்பிக்கும்போது ஷூவைப் போட்டுக்கொண்டு மிஸ் முன்னால் போய் நின்றாள். மிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றாள். இறக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் ஆடியதை நான் முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். பார்த்த வரைக்கும் சொல்கிறேன். யாரையும் விட்டு விலகி நிற்கவில்லை. நாலாவது ஃபவுல் வந்தது. கை தலைக்கு மேலே நேராகப் போனது, அவள் பந்தைப் பார்க்கவே இல்லை, திரும்பித் தன் இடத்துக்கு ஓடினாள். ஓடும்போது வலது காலைத் தரையில் ஒரு முறை தேய்த்த மாதிரி எனக்குப் பட்டது. அப்படியும் இருக்கலாம், சறுக்கியும் இருக்கலாம். அடுத்த முறை பந்து அவள் கைக்கு வந்தபோது சுட்ட மாதிரி தள்ளிவிடவில்லை. வைத்துக்கொண்டாள். இரண்டு பேர் அவள் மேல் வந்து விழுகிற வரைக்கும் வைத்திருந்து, நடுவில் கையை விட்டுப் பனித்திட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அது சிரித்துக்கொண்டே போட்டது. மீன்கார அம்மா கூடையைத் தட்டினார்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஐந்தாவதும் வந்துவிட்டது. இதில் சந்தேகமே இல்லை. பந்து போட எம்பிய பெண்ணின் கையில் நன்றாகவே அடித்துவிட்டாள், சத்தம் எனக்கே கேட்டது. விசில் முடிவதற்குள் அவள் கை மேலே இருந்தது. நடுவர் மேஜைப் பக்கம் ஐந்து விரலைக் காட்டினார். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். காலையில் சொன்னாளே, அது ஆகிவிட்டது.

அவள் நடந்தே வந்தாள். வரும் வழியில் அடிபட்ட பெண்ணின் முழங்கையை ஒரு முறை தொட்டுவிட்டு வந்தாள். உட்கார்ந்து பாட்டில் தண்ணீரைப் பாதி குடித்தாள், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று கத்த ஆரம்பித்தாள். "பரவி நில்லுங்கடி, அங்க நெல்லு இல்லடி, போங்கடி அந்தாண்ட." கோர்ட்டில் இருந்தவர்களுக்கு அது உடனே விளங்கியது. நிஜமாகவே பரவினார்கள். அப்படியும் ஒரு கூடையில் தோற்றார்கள்.

வேனில் எல்லோரும் எலுமிச்சம் சோறு தின்றார்கள். தோற்றவர்கள் மாதிரியே இல்லை. யாருக்கு எத்தனை ஃபவுல் என்று கூட்டிப் பார்த்து, ஒன்றுகூட வாங்காத சின்னப் பெண்ணை, நீ ஆடினியா இல்ல பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தியா என்று கிண்டல் செய்தார்கள். என் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாயில் சோற்றோடு, மே மாசம் டவுனில் கோடைப் பயிற்சி இருக்கிறது, தன் பெயரையும் மிஸ் எழுதிக்கொண்டார் என்றாள்.

நான் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அத்தனை தூரம் பஸ்ஸில் தனியாகப் போவது, மே மாதத்து வெயில், மறுபடி விசில், மறுபடி ஃபவுல். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டது ஒன்றுதான்.

"காத்தால இன்னா சொன்ன நீ?"

"அது காத்தால சொன்னதும்மா," என்றாள். என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சாயந்திரம் நான் நெல்லை மூட்டை பிடிக்கிற வேலையில் இருந்தேன். பிள்ளைகள் வழக்கம்போல வந்தார்கள், என் மகளும் வந்தாள். மிஸ் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கோடைப் பயிற்சிக்குப் பணம் பாதிக்கு மேலாவது இந்த மாதமே கட்ட வேண்டும் என்றார். நெல் விற்ற காசு வந்ததும் முதலில் அதைத்தான் எடுத்து வைத்தேன். மொத்தம் எழுநூறு ரூபாய். ஐந்நூறு கட்டியாகிவிட்டது. இன்னும் இருநூறு ரூபாய் பாக்கி.